வாட்ச் ரீசெட் ஆகுமுன் எழுதிவைக்க வேண்டியவை

பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வரும் பொறியியல் மாணவர்கள், பைன்டைம் என்னும் திறந்த மூல ஸ்மார்ட் வாட்சில் ஃபர்ம்வேர், அதாவது சாதனத்தை நேரடியாக இயக்கும் மென்பொருள், எழுதிப் பழகுகிறார்கள். அவர்களில் ஒருவர் அண்மையில் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம்: “அண்ணே, வாட்ச் தானா ரீஸ்டார்ட் ஆவுது. லாக்கும் இல்ல, எங்கன போய்ப் பாக்க?”

ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் விடை எளிது. சி++ மொழியில் எழுதிய பகுதி கிராஷ் ஆனதும், எந்த சிக்னலால் (பிழையின் வகையைக் குறிக்கும் அறிவிப்பால்) விழுந்தது, ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்களாகிய ரெஜிஸ்டர்களில் அப்போது என்ன இருந்தது என்பதையெல்லாம் இயங்குதளமே டூம்ஸ்டோன் என்ற கோப்பில் எழுதிவைக்கிறது. கணினியிலிருந்து ஏடிபி என்னும் கருவி மூலம் பக்ரிப்போர்ட் என்ற அறிக்கையை எடுத்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட வேர் ஓஎஸ் வாட்ச்களிலும் இதே முறைதான். யூஎஸ்பி துளை இல்லாதவற்றை வைஃபை வழியே இணைக்க வேண்டும்.

பைன்டைமில் இந்த வசதி எதுவும் தானாகக் கிடைக்காது. அதன் என்ஆர்எஃப்52832 சிப்பில் இருப்பது 64 மெகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ்-எம்4 ப்ராசஸரும் 64 கேபி ரேமும்தான். ஆனாலும் அந்தச் சிறிய ப்ராசஸர் தடயம் வைக்காமல் விழுவதில்லை. தவறு நேர்ந்ததும் ஆர்0 முதல் ஆர்3 வரை, ஆர்12, எல்ஆர், பிசி, எக்ஸ்பிஎஸ்ஆர் ஆகிய 8 ரெஜிஸ்டர்களின் மதிப்புகளை, அதாவது 32 பைட்டுகளை, ஸ்டாக் என்னும் தற்காலிக நினைவகப் பகுதியில் தள்ளிவிட்டுத்தான், இத்தகைய தவறுகளைக் கையாளும் நிரலாகிய ஹார்ட்ஃபால்ட் ஹேண்ட்லருக்குள் அது நுழைகிறது. அவற்றுள் ஏழாவதாகிய பிசி, நிரல் எந்த முகவரியில் விழுந்தது என்பதைக் காட்டும். சிறு கருவிகளுக்கான இயங்குதளமாகிய ஃப்ரீஆர்டாஸில் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் (தனித்தனியே ஓடும் வேலைக்கும்) தனி ஸ்டாக் உண்டு என்பதால், எதில் தேடுவது என்ற ஐயம் எழலாம். ஹேண்ட்லருக்குள் நுழையும்போது எல்ஆரில் இருக்கும் மதிப்பின் 2ஆம் பிட் (0இலிருந்து எண்ணினால்) 1 எனில் டாஸ்க்கின் ஸ்டாக்கிலும், 0 எனில் முதன்மை ஸ்டாக்கிலும் தேட வேண்டும்.

பிசி காட்டும் வரியை உடனே நம்பிவிடவும் கூடாது. தவறான முகவரியில் எழுதும் கட்டளை ரைட் பஃபர் என்னும் இடைநிலைச் சேமிப்பில் காத்திருக்க, ப்ராசஸர் அடுத்தடுத்த கட்டளைகளுக்குச் சென்றுவிட்டிருக்கலாம். அப்போது பிசி, குற்றமற்ற வேறொரு வரியைக் காட்டும். தவறின் வகையைப் பதிந்துவைக்கும் சிஎஃப்எஸ்ஆர் ரெஜிஸ்டரில் ‘இம்ப்ரிசைஸ்’ பிட் எழுந்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். துணைக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் ரைட் பஃபரை நிறுத்தும் பிட்டை இட்டுவிட்டு மறுபடி ஓட்டினால், வேகம் குறையும். ஆனால் பிழை சரியான வரியிலேயே பிடிபடும். இந்த ஒரு பிட்டைப் பற்றி வகுப்பறைகளில் ஒருவரும் சொல்வதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருகிறேன். ரீசெட் ஆனதும் சிஎஃப்எஸ்ஆர் பூஜ்யமாகிவிடும். ஸ்டாக்கின் மேல் புதிய தரவு எழுதப்பட்டுவிடும். ஆகவே ஹார்ட்ஃபால்ட் ஹேண்ட்லர் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த 32 பைட்டுகளையும் சிஎஃப்எஸ்ஆரையும், தொடக்க நிரல் பூஜ்யமாக்காத ஒரு ரேம் பகுதியில் பிரதி எடுப்பதாகும். நிரலின் பகுதிகள் நினைவகத்தில் எங்கே அமரும் என்பதைச் சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்ட்டில் அதற்கென ஒரு தனிப் பகுதியை ஒதுக்கிவிட்டால் போதும். பிரதி முடிந்த பிறகு ஹேண்ட்லரே மென்பொருள் வழியில் ரீசெட் செய்யலாம். அத்தகைய ரீசெட்டில் ரேம் அழியாது. வாட்ச் மீண்டும் எழுந்ததும் அதைப் படித்து ஃபிளாஷிலோ புளூடூத் வழியே போனிலோ சேர்த்துக்கொள்ளலாம். மேசையில் இருக்கும் வாட்சுக்கு பிழை தேட எஸ்டபிள்யூடி கம்பிகளும் ஜிடிபி என்னும் கருவியும் உண்டு; மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வண்ணார்பேட்டைக்கும் மேலப்பாளையத்துக்கும் போய்வரும் வாட்சுக்கு ரேமில் எடுத்த இந்தப் பிரதியைத் தவிர வேறு வழியில்லை.

கிடைத்த முகவரியை வரி எண்ணாக மாற்ற அந்த பில்டின், அதாவது கம்பைல் செய்து வாட்சில் ஏற்றிய அந்தப் பதிப்பின், எல்ஃப் கோப்பு (முகவரிகளையும் மூலநிரல் வரிகளையும் இணைக்கும் தகவல் கொண்டது) வேண்டும். அதே மூலநிரலை வேறொரு கம்பைலர் பதிப்பில் மறுபடி கட்டினால் முகவரிகள் நகர்ந்துவிடும் என்பதால், வாட்சில் ஏற்றும் ஒவ்வொரு பில்டின் எல்ஃப் கோப்பையும் பதிப்பு எண்ணோடு சேமித்துவைக்குமாறு எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.