செரட்டோனின் ஒன்னுதான், அது போய் ஒட்டுற இடம்தான் வேற வேற

கீமோதெரபி போட்டுக்கிறவங்களுக்கு ஏன் அப்படி வாந்தி வருதுன்னு தேடிப் போனா அங்கயும் செரட்டோனின்தான் நிக்குது, அதாவது செல்லுக்கு செல் தகவல் கொண்டு போற ஒரு ரசாயனம். குடலோட உள்சுவர்ல சில செல்கள் இருக்கு, கீமோ மருந்து அதுங்களை பாதிக்கும்போது சேத்து வச்சிருக்கிற செரட்டோனினை கொட்டிடும், அது பக்கத்துல இருக்கிற குடலையும் மூளையையும் இணைக்கிற வேகஸ் நரம்பு முனையில 5-எச்டி3 ரிசப்டர்ல (5-எச்டின்னா செரட்டோனினோட இன்னொரு பேர், ரிசப்டர்னா செல்லு மேல தகவல் வாங்குற இடம்) போய் ஒட்டும், அந்த ரிசப்டர் ஒரு அயான் சேனல், அதாவது மின்னூட்டம் உள்ள அணுக்கள் போய் வர்ற வாசல், ஒட்டுன உடனே திறந்துக்கும், தகவல் நேரா மூளைக்குப் போயிடும். ஒன்டான்செட்ரான் மாத்திரை என்ன பண்ணுதுன்னா அந்த இடத்துல தான் போய் உக்காந்துக்குது, செரட்டோனினுக்கு இடம் கிடைக்காது, வாந்தி அடங்கிடும்.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, செரட்டோனின்னாலே சந்தோஷம்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. உடம்புல இருக்கிறதுல கிட்டத்தட்ட 90 சதவீதம் குடல்லதான் இருக்கு, ரத்தத்துல இருக்கிறது மூளைக்குள்ள போகவும் முடியாது, மூளை தனக்கு வேணும்ங்கிறதை டிரிப்டோஃபேன்ங்கிற அமினோ அமிலத்துல இருந்து தானே செஞ்சுக்குது. ரிசப்டர் மட்டும் 14 வகை. எதுல போய் ஒட்டுதுங்கிறதை வச்சுத்தான் என்ன நடக்கும்ங்கிறதே.

டிப்ரெஷனுக்கு குடுக்கிற ஃப்ளுவாக்சிடின், செர்ட்ராலின் மாதிரி மாத்திரைங்க எந்த ரிசப்டரையும் குறி வைக்கிறதில்ல. நரம்பு செல் வெளிய விட்ட செரட்டோனினை திரும்ப உள்ள இழுக்கிற ஒரு பம்ப் இருக்கு, அதை அடைக்குது. அடைப்பு முதல் டோஸ்லயே ஆரம்பிச்சிடும். அப்புறம் ஏன் மனசு தெளிய வாரக்கணக்குல ஆகுது? இதுக்கு சொல்ற முக்கியமான விளக்கம் 5-எச்டி1ஏ. செரட்டோனின் தயாரிக்கிற செல்லு மேலயே இந்த ரிசப்டர் இருக்கு, வெளிய அளவு கூடுனா "போதும், குறைச்சுக்கோ"ன்னு செல்லுக்கு சொல்லும். அதனால ஆரம்பத்துல செல் தன் வேகத்தை குறைச்சிடுது, நாளாக நாளாக அந்த ரிசப்டர் மரத்துப் போய்தான் செல் பழைய வேகத்துக்கு வருது. ஆனா குமட்டல், வயித்துப் பிரட்டல், படபடப்பு எல்லாம் இதுக்கு காத்திருக்காம முதல் வாரத்துலயே வந்திடும். கஷ்டம் முன்னாடி, பலன் பின்னாடி. இந்த இடைவெளியிலதான் நிறைய பேர் மாத்திரையை தூக்கிப் போட்டுடறாங்க, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கிற விஷயம் இது. தயவுசெஞ்சு டாக்டர்கிட்ட பேசாம நிறுத்தாதீங்க. 25 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்கு ஆரம்ப வாரங்கள்ல தற்கொலை எண்ணம் கூடலாம், வீட்ல இருக்கிறவங்க கூடவே இருந்து கவனிக்கணும், அப்படி எண்ணம் வந்தா அன்னிக்கே டாக்டரை பாக்கணும்.

மத்த ரிசப்டரை வேகமா சொல்லிடறேன். ஒற்றைத் தலைவலிக்கு எடுக்கிற சுமாட்ரிப்டான் 5-எச்டி1பி, 1டி ரெண்டையும் தூண்டுது, ரத்தக் குழாயை சுருக்கும், அதனாலதான் இதய அடைப்பு இருக்கிறவங்களுக்கு குடுக்க மாட்டாங்க. எல்எஸ்டிங்கிற போதைப்பொருள் காட்டுற மாயக் காட்சிக்கு காரணம் 5-எச்டி2ஏ. உடம்பு இளைக்க குடுத்துட்டிருந்த ஃபென்ஃப்ளுரமின், இதய வால்வுல இருக்கிற 5-எச்டி2பி-யை தூண்டி வால்வையே தடிக்க வச்சிடுச்சு, 1997-ல அமெரிக்க சந்தையில இருந்து எடுத்துட்டாங்க. அதே மருந்து 2020-ல டிராவெட் சிண்ட்ரோம்ங்கிற கடுமையான வலிப்பு நோய்க்கு திரும்ப அனுமதி வாங்குச்சு, எக்கோ எடுத்துப் பாத்துக்கிட்டே குடுக்கிறாங்க.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது செரட்டோனின் சிண்ட்ரோம், அதாவது உடம்புல செரட்டோனினோட வேலை அளவுக்கு மீறிப் போறது. டிப்ரெஷன் மாத்திரை போட்டுட்டிருக்கிறவங்க வலிக்கு டிராமடால், இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த சிரப், இன்ஃபெக்‌ஷனுக்கு லினெசோலிட்னு வேற வேற டாக்டர்கிட்ட வாங்கி ஒன்னா சாப்பிட்டா வரலாம். வியர்வை, நடுக்கம், காய்ச்சல், பேதி, குழப்பம். டாக்டர் பாதத்தை சட்டுனு மேல தள்ளி புடிச்சா கணுக்கால் தானா டக் டக்னு துடிச்சுக்கிட்டே இருக்கும், அதான் பெரிய அடையாளம். பெரும்பாலும் சில மணி நேரத்துலயே ஆரம்பிச்சிடும், உடனே எமர்ஜென்சிக்கு போகணும். போன மாசமே நிறுத்திட்டேனேன்னு நினைச்சு விட்டுடாதீங்க, ஃப்ளுவாக்சிடின் உடம்பை விட்டுப் போக வாரக்கணக்குல ஆகும், அதை நிறுத்தி 5 வாரம் கழிச்சுத்தான் எம்ஏஓ தடுப்பு மருந்துங்கிற வேற வகை டிப்ரெஷன் மருந்தையே ஆரம்பிப்பாங்க, அதனால சமீபத்துல நிறுத்துன மாத்திரை பேரையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.