அம்பாசடர் ரேடியேட்டர்: புதிது வாங்காமல் பழையதை மீட்ட கதை

குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டியதும் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. வண்டி 1986ஆம் வருட மார்க் 4 அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். அப்பா வாங்கியது. ஓரங்கட்டி பானட்டைத் தூக்கினால், எஞ்சின் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டரின் மூடியைச் சுற்றி ஆவி. முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, ஈரத்துணியைப் போர்த்தி மூடியைத் திறந்து, தண்ணீர் ஊற்றி, மேட்டுப்பாளையத்துக்கே திரும்பினோம். குன்னூர் போய்ச் சேரவில்லை.

முதல் ஞாயிறு: தண்ணீரை வடித்து, இரண்டு ஹோஸ்களையும் கழற்றி ரேடியேட்டரை வெளியே எடுத்தேன். மேல்தொட்டியின் இணைப்பு ஓரத்தில் பச்சைப் பொடி பூத்திருந்தது. அங்கேதான் கசிவு. ஆனால் அந்தச் சின்னக் கசிவு மட்டும் இவ்வளவு சூட்டுக்குக் காரணமாக இருக்க முடியாது என்று தோன்றியது. கீழ்வாயை உள்ளங்கையால் அடைத்து, நிமிர்த்தி வைத்து, முழுக்க நீர் நிரப்பிக் கையை எடுத்தேன். குபுகுபுவென்று கொட்ட வேண்டிய தண்ணீர் நூல் போல ஒழுகியது. உள்ளே அடைப்பு.

அலுமினியத்தில் புதிதாகப் போட்டுவிடலாம் என்றுதான் பலரும் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. பித்தளைத் தொட்டி, செம்புத் தகடு என்றால் எந்த ஊர்ப் பட்டறையிலும் ஈயம் வைத்துச் சரி செய்யலாம். அலுமினியத்தில் அது எளிதில் நடக்காது.

புதன்கிழமை பட்டறைக்கார அண்ணன் மேல்தொட்டியின் ஈயத்தை உருக்கி எடுத்தார். வரிசையாகத் தட்டைக் குழாய்களின் வாய்கள். பாதிக்கு மேல் பழுப்பேறிய சுண்ணாம்பு. வெந்நீர்ப் பானையின் அடியில் படியுமே, அதே படிவு. “போர் தண்ணீர்தானே ஊற்றினீர்கள், தம்பி?” என்றார். ஆமாம், பல வருடங்களாக. காஸ்டிக் சோடா தொட்டியில் ஊறவைத்து, மெல்லிய தகட்டுக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டு இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் சேறு போல வழிந்தது. தொட்டியை மறுபடி பற்றவைத்து, வாய்களை அடைத்து, நீருக்குள் அமிழ்த்திக் காற்று ஏற்றினோம். ஒரு மூலையில் கடுகளவு குமிழி. அங்கே இன்னொரு சொட்டு ஈயம்.

எஞ்சினைக் கழுவும்போது இன்னொன்று தெரிந்தது: எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டே இல்லை. சூடானால் அதைக் கழற்றி எறிவது பல இடங்களில் வழக்கம். நோய் ரேடியேட்டரில் இருக்க, தண்டனை தெர்மோஸ்டாட்டுக்கு. 82 டிகிரியில் திறக்கும் புதியதை வைத்தேன். மூடியின் ரப்பர் வெடித்திருந்ததால் அதையும் மாற்றினேன். மலைக்கு அது முக்கியம்: குன்னூர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், மூடி பிடித்து நிறுத்தும் அழுத்தம்தான் கொதிநிலையை மேலே தள்ளுகிறது. இந்த முறை போர் தண்ணீர் இல்லை, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி.

நேற்று அதே மலைப்பாதை. பர்லியாற்றில் நிறுத்தாமல் இரண்டாவது கியரிலேயே ஏறினேன். முள் நடுவிலிருந்து அசையவில்லை. குன்னூரில் இறங்கி மூடியைச் சுற்றிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. கீழ் ஹோஸின் கிளிப்பில் மட்டும் ஒரு சொட்டு தொங்கியது. வரும் ஞாயிறு அதை மாற்ற வேண்டும்.