கிருஷ்ண கமலத்தில் கலப்பினம்: சூல்தண்டு வளையும்வரை பொறுங்கள்

நர்சரியில் "கிருஷ்ண கமலம்" என்று வாங்கிய கொடியை எடுத்த எடுப்பில் தாய்ச்செடி ஆக்காதீர்கள். அப்படி விற்பதில் பலவும் ஏற்கெனவே கலப்பினம்தான். மகரந்தம் மலடாக இருக்கலாம், பெயர்ச்சீட்டும் நம்பும்படி இருக்காது. இனம் உறுதியாகத் தெரிந்த இரண்டு கொடிகளில் தொடங்கினால்தான் பிறகு நாற்றைப் பார்த்து எதையாவது சொல்ல முடியும்.

புதிதாக இறங்குபவர்களுக்கு நான் சொல்லும் ஜோடி கிருஷ்ண கமலத்தின் பாசிஃப்ளோரா பேரினத்திலேயே உள்ள இரண்டு இனங்கள்: நீலப்பூ செரூலியா தாய், ஊதாப்பழ எடுலிஸ் தந்தை. எடுலிஸ் என்பது நம் பேஷன் ஃப்ரூட்தான், இலங்கையில் கொடித்தோடை. இரண்டுக்கும் குரோமோசோம் 18. இரண்டும் காலையில் மலரும். செரூலியா தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது; ஒரே கொடியிலிருந்து எடுத்த கட்டிங்குகளும் ஒன்றுக்கொன்று உதவாது. அதனால் தாயின் மேல் சந்தேகம் குறைவு. மஞ்சள்பழ எடுலிஸையும் தந்தையாக வைக்கலாம், ஆனால் அது உச்சிப்பொழுதில்தான் விரியும், அதற்குள் செரூலியாவின் நல்ல நேரம் போய்விடும். வேலியோரச் சிறுபூனைக்காலியை இதில் இழுக்க வேண்டாம், அது தூரத்து உறவு. குரோமோசோம் 12 உள்ள டெகலோபா பிரிவுக் கொடிகளையும் இவற்றோடு சேர்ப்பது பெரும்பாலும் வீண்வேலை.

வேலை முதல்நாள் மாலையே தொடங்கும். மறுநாள் மலரும் மொட்டு நன்றாகப் பருத்து, புல்லியிதழ்களின் விளிம்பில் வெள்ளைக்கோடு தெரியும். ஒரு பக்கம் மெல்லக் கீறி, முனை கூரான இடுக்கியால் ஐந்து மகரந்தப்பைகளையும் காம்போடு கிள்ளி எடுங்கள். தன் மகரந்தத்தை ஏற்காத பூவில் இது எதற்கு என்று கேட்கலாம். தன் மகரந்தம் சூல்முடியில் அப்பிக்கொண்டால் நாம் வைப்பதற்கு இடமிருக்காது. எடுலிஸைத் தாயாக்கினால் இந்த வேலையைத் தவிர்க்கவே முடியாது. ஊதா வகை தானே காய்த்துவிடும். எடுத்ததும் மெல்லிய வலைப்பை கட்டுங்கள். தந்தைக்கொடியின் மொட்டுக்கும் ஒரு பை வேண்டும். கருவண்டு விடிந்ததும் வந்து, அங்கே இங்கே தொட்ட மகரந்தத்தையெல்லாம் கலந்து வைத்துவிடும்.

காலையில் அவசரம் கூடாது. பலர் கோட்டைவிடும் இடம் இது. பூ விரிந்த புதிதில் மூன்று சூல்தண்டுகளும் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். ஒரு மணி நேரம், சில சமயம் இன்னும் கொஞ்சம் கழித்து, அவை வளைந்து இறங்கும். சூல்முடிகள் மகரந்தப்பைகள் இருந்த மட்டத்துக்கு வரும். மகரந்தம் வைக்க வேண்டிய நேரம் அதுதான். நிமிர்ந்தபடி இருக்கும்போது வைத்தால் காய் பிடிப்பது அரிது. சில பூக்களில் தண்டு கடைசிவரை வளையாது. அவை ஆண் வேலைக்கு மட்டுமே ஆகும், விட்டுவிடுங்கள்.

தூரிகை வேண்டாம். இந்த மகரந்தம் கனமாக, பிசுபிசுப்பாக இருக்கும். பாதி தூரிகையிலேயே தங்கிவிடும், அடுத்த கலப்பையும் கெடுக்கும். எடுலிஸின் மகரந்தப்பையையே இடுக்கியில் பிடித்து, மூன்று சூல்முடிகளிலும் மஞ்சள் பூசியதுபோல் தெரியும்வரை தேயுங்கள். ஒரு முடியை விட்டால் விதை எண்ணிக்கை குறையும். தண்ணீர் பட்டால் மகரந்தம் வெடித்து வீணாகும், ஆகவே அடுத்த இரண்டு மணி நேரமாவது சூல்முடி நனையக் கூடாது. மழைநாளில் பூவின் மேல் பட்டர் பேப்பரைக் குடையாகக் கட்டுவேன். பிறகு மறுபடி வலைப்பை, காம்பில் சீட்டு: தாய் பெயர் முதலில், பெருக்கல் குறி, தந்தை பெயர், தேதி. பென்சிலில் எழுதுங்கள், பேனா மை வெயிலில் ஓடிவிடும்.

பிடிக்காத பூ மூன்று நான்கு நாளில் மஞ்சளாகி உதிரும். பிடித்தால் சூலகம் பருத்துக் கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் காயை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். கலப்பில் உள்ளே காற்று மட்டும் இருக்கும் காய்களும் வரும். செரூலியா காய் ஆரஞ்சு நிறமாகி மெத்தென்று ஆக இரண்டு மூன்று மாதம் ஆகும். தானே விழும்வரை விடுங்கள், பை தாங்கிக்கொள்ளும். உள்ளே கருத்துப் பருத்த விதைதான் தேறும். வெளிறித் தட்டையானவற்றில் கரு இருக்காது.

விதையின் மேலுள்ள சதையோடு விதைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு நாள் தண்ணீரில் புளிக்கவிட்டு, சல்லடையில் தேய்த்துக் கழுவி, காயவைத்துச் சேமிக்காமல் அப்போதே விதைத்துவிடுங்கள். பழைய விதை முளைக்க மாதக்கணக்கில் ஆகலாம், சீராகவும் முளைக்காது. தென்னை நார்க்கழிவும் ஆற்றுமணலும் சமபாகம், ஒரு சென்டிமீட்டர் ஆழம், 25 முதல் 30 டிகிரி வெப்பம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் தட்டை வீட்டுக்குள் சூடான இடத்தில் வைக்கலாம்.

நாற்றில் முதல் இலைகளைப் பார்த்து ஏமாற வேண்டாம், எந்த இனமானாலும் இளம் இலை பெரிய மடல்கள் இல்லாமல்தான் வரும். கொடி ஏறத் தொடங்கியதும் இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். செரூலியாவின் இலையடிச்செதில் சிறுநீரக வடிவில் அகலமாகத் தண்டைத் தழுவி நிற்கும். எடுலிஸில் அது நூல்போல ஒல்லி. உண்மையான கலப்பில் இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருக்கும். எடுலிஸின் இலைவிளிம்பு ரம்பப்பல்லும், மூன்றுமடல் சாயலும் கூடவே தெரிந்தால் சந்தேகமில்லை. அச்சு அசலாகத் தாய்போலவே இருக்கும் நாற்று வேறொரு செரூலியாவின் மகரந்தத்தில் வந்தது. அதற்குச் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

வெளுத்த நாற்றுகளும், வெள்ளை பச்சைத் திட்டு நாற்றுகளும் இந்தக் கொடிகளில் வருவதுண்டு. கலப்பில் பசுங்கணிகம், அதாவது இலைக்குப் பச்சை நிறம் தரும் நுண்ணுறுப்பு, தந்தை வழியாகவும் வரும். அது நாற்றின் மரபணுவோடு ஒத்துப்போகாவிட்டால் பச்சை பிடிக்காது. முழு வெள்ளை நாற்று பிழைக்காது. பச்சைத் திட்டு இருந்தால் வைத்திருங்கள், சிலது பச்சைக் கிளைவிட்டுத் தேறும்.

பூக்க ஓராண்டு, ஒன்றரை ஆண்டு பிடிக்கும். இடையில் இலை தேமல் படிந்து சுருண்டால் அது வைரஸ். அந்தக் கொடியை எவ்வளவு அரிதானதானாலும் பிடுங்கி எரிப்பதே சரி. அசுவினியும் நம் கத்திரியும்தான் அதைப் பரப்புகின்றன, எனவே ஒவ்வொரு கொடிக்கும் இடையே பிளேடை ஸ்பிரிட்டில் துடைக்கவும். முதல் பூவை வைத்து எடை போடாதீர்கள், அடுத்த பருவத்தில் நிறமும் அளவும் மாறும். பிடித்த கொடி மலடாக இருந்தாலும் கவலையில்லை, இரண்டு மூன்று கணு உள்ள அரைமுற்றிய கட்டிங்கில் வேர் வரும். பெயர் வைத்துப் பரப்ப நினைத்தால், அந்தப் பெயர் முன்பே இருக்கிறதா என்று பாசிஃப்ளோரா சொசைட்டி இன்டர்நேஷனல் பதிவேட்டில் பார்த்துவிட்டு அங்கேயே பதியலாம். உலக அளவில் இந்த வகைப்பெயர்களைப் பதிவது அவர்கள்தான்.