30 சதவீதம் கூடுதலாம்!

பெருநகரத்துக் கட்டுமான சைட் ஒன்றுக்கு மேனேஜராக வரச் சொல்லி அழைப்பு. இப்போது வாங்குவதைவிட 30 சதவீதம் கூடுதல். கேட்டதும் தலைகால் புரியவில்லை. அப்புறம் ராத்திரி, பழைய கான்கிரீட் கணக்குத் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். இங்கே சம்பளம் 100 என்றால் வாடகை 25, கையில் 75. அங்கே சம்பளம் 130, வாடகை 60, மிச்சம் 70. வரி ஏறுவதை இன்னும் கழிக்கவே இல்லை! சைட்டில் ஒரு மூட்டை சிமென்ட் கூடச் செலவானாலே கேள்வி கேட்கிற ஆள் நான், சொந்தக் கணக்கில் கோட்டை விட இருந்தேன். சரி, தங்குமிடமும் சைட் அலவன்ஸும் உண்டா என்று கேட்டேன். வேலைக்கு அழைத்து அதுவரை விலாவாரியாகப் பேசியவர், "பார்க்கலாம் சார்" என்றார். கட்டடம் முடிந்தால் அடுத்த சைட் எந்த ஊரிலோ, அதையும் கேட்க வேண்டும்.