பழைய மாருதி 800-இல் புது ஸ்டீரியோ: ஒயரிங்கும் முன் கதவுகளும் முடிந்தன

வண்டி 2003 மாடல் மாருதி 800. எஞ்சின், கியர் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. பாட்டு மட்டும் பல வருஷமாகக் கரகரப்புதான். ஸ்பீக்கரை மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். டாஷ்போர்டிலிருந்து பழைய செட்டை வெளியே இழுத்துப் பார்த்தபோது, முதலில் ஒயரிங்கைத்தான் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

முன்பு எப்போதோ வேலை பார்த்தவர்கள் ஒயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டிருந்தார்கள். வெயிலில் டேப்பின் பசை உருகி, தொட்டாலே விரலில் கறுப்பாக ஒட்டுகிறது. அதை விட முக்கியம், மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி நேரடி பேட்டரி லைனில் கொடுத்திருந்தார்கள். மஞ்சள் ஒயர், செட்டின் நினைவுக்காக எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டியது. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் வர வேண்டியது. இரண்டும் ஒன்றானால் சாவியை எடுத்த பிறகும் செட் உயிரோடுதான் இருக்கும். நான்கு நாள் வண்டியை எடுக்காவிட்டால் காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கு இதுவும் ஒரு காரணம். இந்தச் சின்ன பேட்டரிக்கு அந்தச் சுமை ரொம்ப அதிகம்.

எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்துச் சால்டர் செய்து, மேலே சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டேன். எர்த்துக்கு டாஷ்போர்டின் உள்ளே பாடி போல்ட் ஒன்றைக் கழற்றி, அடியில் பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு ரிங் டெர்மினல் போட்டு இறுக்கினேன். பெயின்ட் மேலேயே எர்த் கொடுப்பதுதான் பழைய வண்டிகளில் பாதிப் பிரச்சினைக்குக் காரணம்.

புது செட் சிங்கிள் டின் (டாஷ்போர்டில் ஒற்றை உயர இடத்தில் பொருந்தும் அளவு), ப்ளூடூத் உள்ளது. அட்டையில் '4 x 50 வாட்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதை நம்பி ஸ்பீக்கர் வாங்கக் கூடாது. பின்னால் இருப்பது 10 ஆம்பியர் ஃப்யூஸ். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் என்று வைத்தாலும், தொடர்ந்து உள்ளே போகக்கூடியதே 140 வாட்தான்; 200 வாட் எங்கிருந்து வெளியே வரும்? 4 ஓம் ஸ்பீக்கரில், ஒலி சிதையாமல் ஒரு சேனலுக்கு 20 வாட் பக்கம் கிடைத்தால் அதுவே நல்ல செட். அதனால் சென்னை ஜி.பி. ரோட்டில் ஸ்பீக்கர் வாங்கும்போது வாட்டைப் பார்க்கவில்லை, சென்சிடிவிட்டி அதிகம் உள்ளதாக, அதாவது குறைந்த வாட்டிலேயே சத்தமாகப் பாடுவதாகக் கேட்டு ஐந்தேகால் இஞ்ச் ஜோடி ஒன்று எடுத்தேன்.

அப்புறம் கதவு. 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. டோர் பேட், அதாவது கதவின் உள்பக்க மூடி, கிழிந்தால் நல்லதாக இன்னொன்று கிடைப்பது லேசில்லை. கண்ணாடி இறக்கும் கைப்பிடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பவே வேண்டாம். கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில் பழைய பனியன் துணியை நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்தால், உள்ளே இருக்கும் லாட வடிவக் கிளிப் 'டிக்' என்று வெளியே துள்ளும். அது எங்கே போய் விழுகிறது என்பதில் கண் இருக்கட்டும்.

பேடைக் கழற்றியதும் கண்ணாடியை முழுக்க இறக்கி, தகட்டுக்கும் கண்ணாடிக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்தேன். ஸ்பீக்கரின் காந்தம் அப்படியே வைத்தால் இடிக்கும். ஆசாரியிடம் 12 மி.மீ. மரைன் பிளைவுட்டில் இரண்டு வளையம் வெட்டி வாங்கி, வார்னிஷ் அடித்து, அதன் மேல் ஸ்பீக்கரை உட்கார வைத்தேன். இடைவெளியும் கிடைத்தது, ஆட்டமும் நின்றது. ஸ்பீக்கரின் முன்னால் வரும் ஒலியும் பின்னால் போகும் ஒலியும் நேர் எதிரானவை. கதவில் ஓட்டை இருந்தால் இரண்டும் கலந்து ஒன்றையொன்று தின்றுவிடும். முதலில் காணாமல் போவது அடித்தொனிதான். அதனால் உள்தகட்டின் பெரிய திறப்புகளை பசையோடு வரும் ரப்பர் போன்ற பியூட்டைல் ஷீட்டால் மூடினேன். கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடிகிற துளைகளை மட்டும் தொடவில்லை. அதை அடைத்தால் கதவு துருப்பிடித்துவிடும்.

மாட்டுவதற்கு முன் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். பிளஸ்ஸுக்கு பிளஸ் சேர்ந்தால் கோன் (ஸ்பீக்கரின் முன்னால் அசையும் கூம்பு) வெளியே நகர வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நகர்ந்தது. இதைப் பார்க்காமல் ஒன்றைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டால், இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும்.

சோதனைக்கு நான் வைப்பது நாதஸ்வரக் கச்சேரிப் பதிவு. தவிலில் வலது பக்கமான வலந்தலையில் விரல் கூடுகளோடு விழுகிற அடி சாதாரண ஸ்பீக்கரிலும் கேட்கும். இடது பக்கமான தொப்பியில் கழி விழுகிற அந்தக் கனத்த 'தொம்' இந்த வண்டியில் இதுவரை வந்ததே இல்லை. ஷீட் ஒட்டிய பிறகு வந்தது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போதும் கதவு கிணுகிணுக்கவில்லை. உண்மையிலேயே சிலிர்த்துவிட்டது. செட்டில் அடித்தொனியை வடிகட்டும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே இந்தச் சின்னக் கோனை வருத்துவதில் பயனில்லை.

ஒரு தொல்லை வந்தது. ப்ளூடூத் இல்லாமல் ஆக்ஸ் ஒயரில் (போனிலிருந்து செட்டுக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஒயர்) போனை இணைத்து, லைட்டர் சாக்கெட்டில் சார்ஜும் போட்டால், ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க 'ஙீ' என்று ஒரு சத்தம் ஏறியது. சார்ஜரை உருவினால் நின்றது. போனுக்கும் செட்டுக்கும் எர்த் இரண்டு வெவ்வேறு வழியில் போவதால், ஆல்டர்னேட்டரின் சலசலப்பு ஆக்ஸ் வழியாகப் பாட்டுக்குள் நுழைகிறது. லைட்டர் சாக்கெட்டின் எர்த்தையும் அதே பாடி போல்ட்டுக்குக் கொண்டு வந்தேன். பெரும்பகுதி போய்விட்டது. ப்ளூடூத்தில் சுத்தமாக இல்லை.

அடுத்தது பின் ட்ரே. இப்போது இருப்பது மெல்லிய ஹார்ட்போர்டு. சத்தம் வைத்தால் ட்ரேயே தாளம் போடுகிறது. அதற்கும் பிளைவுட்தான். பழைய ட்ரேயையே அளவாக ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன், இந்த வாரம் வெட்டித் தருவார்.