நாமக்கல்லுக்கு கால்நடை மருத்துவக் காலேஜ் என்ன பண்ணுச்சு

அட்மிஷன் சீசன் வந்துட்டா நம்ம பக்கம் எல்லாப் பேச்சும் ப்ளேஸ்மென்ட்ல தான் வந்து நிக்கும். எத்தனை கம்பெனி வந்துச்சு, எத்தனை லட்சம் பேக்கேஜ், யாரு வீட்டுப் பையன் பெங்களூரு போனான்னு. பணம் கட்டிப் படிக்க வைக்கிறவங்க அதைக் கேக்கத்தான் செய்வாங்க, அதுல ஒண்ணும் தப்பில்லைங்க. அந்தக் காலேஜ் இருக்குற ஊருக்கு அதனால என்ன கிடைச்சுதுன்னு மட்டும் யாரும் கேக்குறதே இல்ல. அங்க படிக்காதவங்களுக்கு, புள்ளைங்களை அங்க சேர்க்காதவங்களுக்கு என்ன கிடைச்சுது? எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் கால்நடை மருத்துவம் படிச்சதில்ல, ஆனா நாமக்கல் மோகனூர் ரோட்டுல இருக்குற கால்நடை மருத்துவக் கல்லூரி இல்லேன்னா எங்க கோழிப்பண்ணை இந்த அளவுக்கு நின்னிருக்காதுன்னு எங்கப்பா இப்பவும் சொல்லுவாரு, பண்ணைக் கணக்கைப் பாத்துக்கிட்டு இருக்குற நானும் அதையேதான் சொல்லுவேன்.

ஒண்ணை முதல்லயே சொல்லிடணும். காலேஜ் வந்ததால இங்க கோழி வரல. கோழி முதல்ல வந்துச்சு. மழையை நம்பி மானாவாரியா கடலையும் சோளமும் போட்டுக்கிட்டு இருந்த பூமி இது, தண்ணி இல்ல, அதனால கொஞ்சப்பேரு லாரிக்குப் போனாங்க, கொஞ்சப்பேரு எழுபதுகள்ல ஷெட்டு போட்டு கோழி விட்டாங்க. காலேஜ் வந்தது 1985-ல, அப்ப வேளாண் பல்கலைக்கழகத்துக்குக் கீழ இருந்துச்சு, 1989-ல கால்நடை மருத்துவத்துக்குன்னு தனிப் பல்கலைக்கழகம் வந்ததும் அதுக்குள்ள போயிருச்சு. அதாவது ஒரு தொழில் தானா முளைச்சு, தடுமாறி, நோய் வந்து ஷெட்டு ஷெட்டா கோழி செத்து, யாருகிட்ட போய்க் கேக்குறதுன்னு தெரியாம நின்ன இடத்துல கொண்டுவந்து ஒரு காலேஜை வச்சாங்க. அரசாங்கம் எடுத்த முடிவுகள்லயே எனக்கு ரொம்பப் புடிச்ச முடிவு இது. அதே 1989-ல சத்துணவுல முட்டையும் வந்துச்சு, இப்ப வாரத்துக்கு அஞ்சு முட்டை, அந்த வியாபாரமும் சேர்ந்துதான் இந்த ஊரைத் தூக்கி விட்டுச்சு. எல்லாப் பெருமையையும் காலேஜுக்கே குடுத்துட முடியாது.

சரி, காலேஜ் என்னதான் பண்ணுச்சு? மக்காச்சோளத்துல இருந்து சொல்றேன், ஏன்னா முட்டை உற்பத்திச் செலவுல முக்காவாசிக்குக் கிட்ட தீவனத்துக்குத்தான் போகுது, தீவனத்துல பாதிக்கு மேல மக்காச்சோளம். கர்நாடகா, ஆந்திரா, சில சமயம் பீகார்ல இருந்து கூட லோடு வரும். பாக்க மஞ்சளா பளபளன்னு இருக்கும், கையில அள்ளிப் பாத்தா ஒரு குறையும் தெரியாது, ஆனா ஈரப்பதம் கொஞ்சம் கூட இருந்து மூட்டையில அடைஞ்சே வந்திருந்தா உள்ள பூஞ்சை புடிச்சு அஃப்ளாடாக்சின்ங்கிற நஞ்சு ஏறியிருக்கும். அதைத் தின்ன கோழி உடனே சாகாதுங்க, செத்தாலாவது தெரிஞ்சுடும். கல்லீரல் கெட்டு, தடுப்பூசி போட்டாலும் எதிர்ப்பு சக்தி வராம, முட்டை கொஞ்சம் கொஞ்சமா குறையும். காரணம் தெரியாம நாம மருந்தை மாத்துவோம், தண்ணியைச் சந்தேகப்படுவோம், வேலைக்காரங்களைத் திட்டுவோம்.

ஒரு சின்னக் கணக்கு பாருங்க. ஒரு முட்டைக்கோழி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் தின்னும். ஐம்பதாயிரம் கோழி இருக்குற பண்ணைன்னா தினமும் அஞ்சரை டன். நூறு கோழிக்கு ஒரு நாளைக்கு எத்தனை முட்டைங்கிற முட்டை சதவீதம் 90-ல இருந்து 85-க்கு இறங்குச்சுன்னா தினமும் 2,500 முட்டை போச்சு, தீவனச் செலவு மட்டும் அப்படியே நிக்கும். ஏற்கனவே என்இசிசி, அதாவது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, அறிவிக்கிற விலையில வியாபாரி சமயத்துல மைனஸ்னு கொஞ்சம் கழிச்சுக்கிட்டுத்தான் குடுப்பாரு, இதுல இதுவும் சேர்ந்தா அந்த பேட்ச் முழுக்க நட்டந்தான்.

இதுக்குத்தான் காலேஜுக்குள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கு. லாரி வந்து நின்னதும் மூட்டைக்கு மூட்டை குத்தூசி விட்டு, மேல கீழ நடுவுலன்னு பல இடத்துல சாம்பிள் எடுத்து, எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து, அதுல கொஞ்சத்தைப் பையில போட்டுக் குடுத்து விடுவோம். ஈரப்பதம், புரதம், நஞ்சு எவ்வளவுன்னு ரிப்போர்ட் வரும். அந்தப் பேப்பரைக் காட்டி வியாபாரிகிட்ட விலை பேசலாம், லோடைத் திருப்பி விடலாம். இதுக்கு முன்னாடி பல்லுல கடிச்சுப் பாத்து, மோந்து பாத்து வாங்குன பண்ணையாளருக்கு அந்த ஒரு பேப்பர் எவ்வளவு பெரிய பலம்னு வெளிய இருக்குறவங்களுக்குப் புரியுமான்னு தெரியல. பெரிய கம்பெனிக்காரங்க சொந்தமா லேப் வச்சுக்குவாங்க. பத்தாயிரம், இருபதாயிரம் கோழி வச்சிருக்குறவருக்கு யாரு இருக்கா?

அடுத்தது வானிலை அறிவிப்பு. எங்க ஊருக்காரங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன். காலேஜ்ல இருக்குற வானிலை ஆய்வு மையம் அடுத்த சில நாளைக்கு வெயில் எவ்வளவு, காத்து எந்தப் பக்கம், ஈரப்பதம் எவ்வளவுன்னு சொல்லிட்டு அதுக்குக் கீழயே கோழிக்கு என்ன பண்ணணும்னும் சொல்லும், அது பேப்பர்ல வரும். அதுல எனக்கு ரொம்ப முக்கியமா படுறது ஒரு வரி இருக்கு, கடந்த வாரம் ஆய்வகத்துக்கு வந்த இறந்த கோழிகளைப் பரிசோதனை பண்ணுனதுல பெரும்பாலும் இன்ன காரணத்தால இறந்திருக்குன்னு வரும். யோசிச்சுப் பாருங்க, எவரோ ஒருத்தர் செத்த கோழியைக் கொண்டுபோய்க் குடுத்தாரு, அங்க அறுத்துப் பாத்தாங்க, அதுல தெரிஞ்ச விஷயம் மாவட்டத்துல இருக்குற எல்லாப் பண்ணைக்கும் போய்ச் சேருது. பண்ணையாளருங்க தங்களுக்குள்ள நோயைப் பத்தி வாயே திறக்க மாட்டாங்க, பேரு கெட்டுப்போயிரும்னு பயம். நடுவுல பொதுவா ஒரு இடம் இருந்ததாலதான் அந்தத் தகவல் ஊருக்குள்ள வருது.

சித்திரை வெயில்ல அந்த அறிவிப்பு ஏன் தேவைன்னா, கோழிக்கு வேர்வை சுரப்பியே கிடையாது. சூடு தாங்காம வாயைத் திறந்து இரைக்கும். இரைக்க இரைக்க ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சுடும், ஓடு உருவாக அது வேணும், அதனால ஓடு மெலிஞ்சு முட்டை ட்ரேயிலயே விரிசல் விடும். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து குடுக்குற கிளிஞ்சல் போதலைன்னு நாம அதைக் கூடக் கூடப் போட்டுக்கிட்டு இருப்போம். தண்ணியில சோடா உப்பும் வைட்டமின் சி-யும் கலக்கணும், தீவனத்தை வெயிலுக்கு முன்னாடியும் சாயங்காலமும் குடுக்கணும், கூரையில தண்ணி தெளிக்கணும்னு ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிட்டா எத்தனையோ கோழி பொழைக்கும்.

இன்னொண்ணு, அங்க படிச்சு முடிச்ச டாக்டருங்கள்ல நிறையப்பேரு இங்கயே இருக்காங்க. தீவனக் கம்பெனி, குஞ்சு பொரிப்பகம், தடுப்பூசிக் கம்பெனி, தனியா பண்ணை ஆலோசனைன்னு வேலை இங்கயே இருக்கு, அதனால படிச்ச படிப்பு ஊரை விட்டு வெளிய போகல. அந்த வளாகத்துலயே வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கு, வெள்ளாடு வளர்ப்பு, காடை, நாட்டுக்கோழி, காளான்னு ஒரு நாள் இலவசப் பயிற்சி போடுவாங்க. அங்க போய்ப் பாத்தா மகளிர் குழு அக்காங்க, வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்த பசங்க, பேரன் கூட வந்த தாத்தா எல்லாரும் நோட்டு வச்சு எழுதிக்கிட்டு இருப்பாங்க. எங்க சித்தி அப்படிப் போய்ட்டு வந்துதான் காடை வளர்க்க ஆரம்பிச்சாங்க, சின்ன அளவுதான், ஆனா அந்த வருமானம் அவங்க கையில வருது.

கோயம்புத்தூர்ப் பக்கம் இது ஒண்ணும் புதுசில்ல, பம்பு செட்டு, பவுண்டரி, மில்லுன்னு இருக்குற ஊர்ல பிஎஸ்ஜி டெக், சிஐடி, 1956-ல வந்த ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ரான்னு பட்டறையும் பாடமும் பக்கத்துப் பக்கத்துலயே வளர்ந்துச்சு. அவங்களைப் பத்தி எழுதுறதுக்கு நிறையப்பேரு இருக்காங்க.

எனக்கு ஆதங்கம் எங்க ஊரு மேலதான். நாமக்கல்ல கோழி மட்டுமா இருக்கு? லாரிக்கு பாடி கட்டுற பட்டறை வரிசையா இருக்கு, பக்கத்துல திருச்செங்கோட்டு ரிக்கு வண்டி நாடு முழுக்கப் போய் போர்வெல் போடுது. இந்த ரெண்டு ஊருக்கும் சுத்துப்பட்டுல எத்தனை இன்ஜினியரிங் காலேஜ், எத்தனை பாலிடெக்னிக்! அதுல மெக்கானிக்கல் படிக்கிற பையன் நாலு வருசம் தினமும் காலேஜ் பஸ்ல அந்தப் பட்டறைங்களைத் தாண்டியே போறான், ஒரு நாள் கூட உள்ள போனதில்ல. பட்டறைக்காரரோ கை அளவுலயும் கண் அளவுலயும் பிரமாதமா பாடி கட்டுவாரு, பாடிக்குன்னு விதிமுறை வந்த பிறகு டிராயிங் வேணும், அப்ரூவல் வேணும், சோதனைக்கு வண்டிச் சோதனை மையம் இருக்குற ஒரகடம், புனேன்னு யோசிக்கணும்னா தவிச்சுப் போறாரு. எடையைக் குறைச்சு பலத்தைக் குறைக்காம எப்படிக் கட்டுறது, எந்த வெல்டிங் எங்க விடும், ரிக்குல ஹைட்ராலிக் ஹோஸ் ஏன் அடிக்கடி வெடிக்குது, இதெல்லாம் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு எவ்வளவு அருமையான விஷயம். ஆனா பசங்க ப்ராஜெக்டைக் காசு குடுத்து வெளிய வாங்கிட்டு வர்றாங்க.

பெருசா ஒண்ணும் கேக்கலைங்க. ஏதாவது ஒரு காலேஜ் தன் வெல்டிங் லேப்பையும் சோதனை மெஷினையும் வாரத்துல ஒரு நாள் பட்டறைக்காரங்களுக்குத் திறந்து விடட்டும், நியாயமா ஒரு கட்டணம் வாங்கிக்கட்டும், ரிப்போர்ட்டைத் தமிழ்ல எழுதிக் குடுக்கட்டும். நம்ம ஏரியா காலேஜ்ல வேலை பாக்குற வாத்தியாருங்க யாராவது இதைப் படிச்சா கமெண்ட்ல சொல்லுங்க, பாடி பில்டிங் பட்டறை வச்சிருக்குற எங்க மாமாவும் அவரு கூட இருக்குற நாலஞ்சு பேரும் வந்து பேசுறதுக்குத் தயாரா இருக்காங்க, ஞாயித்துக்கிழமையா இருந்தா நல்லதுன்னு சொல்றாங்க.