டாஷ்போர்டு பச்சையாக இருந்த திங்கட்கிழமை

அன்று காலை ஒன்பது மணிக்கு முன்பே போன் கால் வந்துவிட்டது. வீடுகளுக்குப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்களை டிபிஏ குழுவாக, அதாவது டேட்டாபேஸ் நிர்வாகிகளாக, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த காலம். வாடிக்கையாளர்களுக்குப் போகிற எஸ்எம்எஸ் 20 நிமிடம் தாமதமாகிறது, சிலருக்குப் பார்சல் கைக்கு வந்த பிறகுதான் "இன்று வருகிறது" என்ற செய்தியே போகிறது என்றார்கள். டாஷ்போர்டைத் திறந்தேன். சிபியூ 55 சதவீதம். மெமரி, டிஸ்க் இரண்டிலும் தாராளமாக இடம் இருந்தது. கேஷ் ஹிட், அதாவது டிஸ்க்குக்குப் போகாமல் மெமரியிலேயே கிடைத்த படிப்புகளின் பங்கு, 99.8 சதவீதம். கனெக்‌ஷன் எண்ணிக்கை வழக்கம்போல. எங்கும் சிவப்பு இல்லை. "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

அப்படிச் சொன்னது இன்றைக்கும் உறுத்துகிறது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொன்னேன்.

பக்கத்து இருக்கையில் இருந்த எங்கள் டீம் லீட் அக்கா காதில் அது விழுந்தது. "நீ பாத்தது மெஷினை. டேட்டாபேஸ்கிட்ட கேட்டியா?" என்றார். பதில் இல்லை என்னிடம்.

போஸ்ட்கிரஸுக்குள் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்று ஒரு வியூ இருக்கிறது; டேபிள்போல் படிக்கக்கூடிய பட்டியல். அந்த நொடியில் எந்த செஷன் (டேட்டாபேஸோடு திறந்திருக்கும் ஒரு இணைப்பு) என்ன செய்கிறது, எதற்காகக் காத்திருக்கிறது, அதன் டிரான்சாக்‌ஷன் (கமிட் சொன்னால்தான் உறுதியாகும் வேலைத் தொகுதி) எப்போது தொடங்கியது என்று ஒவ்வொரு செஷனுக்கும் ஒரு வரி இருக்கும். அக்கா அதை டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரப்படி வரிசைப்படுத்தச் சொன்னார். முதல் வரியிலேயே விஷயம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை 6.40க்குத் தொடங்கிய டிரான்சாக்‌ஷன். நிலை, 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்'. அதாவது, திறந்தபடியே சும்மா நிற்கிறது. நாங்கள் பார்த்தபோது 62 மணி நேரம் 50 நிமிடம் ஆகியிருந்தது. எங்கள் டாஷ்போர்டில் அதுவும் ஒரு கனெக்‌ஷனாகத்தான் எண்ணப்பட்டிருந்தது. சும்மா இருக்கும் கனெக்‌ஷனை யார் கவனிப்பார்கள்?

சும்மா இருந்தது எப்படி எஸ்எம்எஸ்ஸைத் தாமதமாக்கும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரஸில் ஒரு வரியை அப்டேட் செய்தால் பழைய வடிவம் உடனே அழியாது. செத்த வரியாக அங்கேயே கிடக்கும். வாக்யூம் என்பது துப்புரவு வேலை; அதைத் தானாகச் செய்யும் ஆட்டோவாக்யூம் பிறகு வந்து கூட்டித் தள்ளும். ஆனால் வெள்ளிக்கிழமை ஏதோ ஒன்றை மாற்றிவிட்டு முடிக்காமல் நிற்கும் டிரான்சாக்‌ஷனுக்கு அந்தப் பழைய வரிகள் தேவைப்படலாம் என்பதால், அதற்குப் பிறகு செத்த எதையும் வாக்யூம் தொடாது. எந்த டேபிளிலும் தொடாது. எஸ்எம்எஸ் வரிசை வைத்திருந்த டேபிளில் ஒவ்வொரு செய்தியும் நுழையும், இரண்டு முறை நிலை மாறும், அழிக்கப்படும். அன்று காலை அதில் உயிரோடு இருந்தவை 3,000 சொச்சம் வரிகள். செத்தவை 25 லட்சத்துக்கு மேல். அடுத்த செய்தியை எடுக்கப் போகும் குவெரி ஒவ்வொரு முறையும் இந்த 25 லட்சத்தைத் தாண்டிப் போனது. 2 மில்லிசெகண்டில் முடிய வேண்டியதற்கு ஒன்றரை செகண்ட் ஆனது.

இதில் என்னை மிகவும் பாதித்தவை இரண்டு விஷயங்கள். ஒன்று, ஆட்டோவாக்யூம் தூங்கவில்லை. கடைசியாக எப்போது ஓடியது என்று பார்த்தால் ஒரு நிமிடத்துக்கு முன்பு என்று காட்டியது. நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, எதையும் அள்ள முடியாமல் திரும்பிப் போயிருக்கிறது. லாகில் ஒவ்வொரு முறையும் "செத்திருக்கின்றன, ஆனால் இன்னும் நீக்க முடியாது" என்று எண்ணிக்கையோடு எழுதியும் வைத்திருந்தது. மூன்று நாளாக அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டாவது, நாங்கள் பெருமையாக மாதாந்திர ரிப்போர்ட்டில் போடும் அந்தக் கேஷ் ஹிட். ஒரே செத்த பக்கங்களை மெமரியிலிருந்து திரும்பத் திரும்பப் படித்ததால் அந்த எண் அன்று வழக்கத்தைவிட உயர்ந்திருந்தது.

அந்த செஷனை உடனே கொன்றிருக்கலாம். அக்கா விடவில்லை. "யாரோ செஞ்ச வேலை அதுல இருக்கு, முதல்ல கேளு" என்றார். யூசர் பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடித்தேன். "அண்ணே, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏதாவது அப்டேட் போட்டீங்களா?" என்று கேட்டேன். ஒரு முகவரியில் பின்கோடு தப்பாக இருந்ததாம், திருத்தினாராம். ஊருக்கு பஸ் பிடிக்கிற அவசரம். "கமிட் பண்ணீங்களா?" கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "ஐயோ, தம்பி" என்றார். அவர் கமிட் கொடுத்தார். அடுத்த ஆட்டோவாக்யூமிலேயே 25 லட்சமும் போனது. பத்து நிமிடத்தில் வரிசை காலியானது. ஊதிப்போன ஃபைல் மட்டும் அப்படியே நின்றது. வாக்யூம் இடத்தை மறுபடி பயன்படுத்தத் தருமே தவிர, நடுவில் காலியான இடத்தை டிஸ்க்குக்குத் திருப்பித் தராது. டேபிளையே பூட்டிவிடும் வாக்யூம் ஃபுல்லை இரவு 2 மணிக்குப் போட்டோம்.

பிறகு நிறைய மாற்றினோம். முதலில், எண்களைச் சேமித்து வைப்பது. நான் அதற்கு முன் ஆரக்கிள் டேட்டாபேஸில் வேலை பார்த்தவன். அங்கே 10ஜி வெர்ஷன் வந்ததிலிருந்து ஏடபிள்யூஆர் என்ற வசதி டேட்டாபேஸின் கணக்குகளை மணிக்கொரு முறை தானாகப் படம் பிடித்து வைக்கும். தனி லைசென்ஸ் வேண்டும் என்பது வேறு விஷயம். போஸ்ட்கிரஸ் தன் கணக்குகளைக் கூட்டிக்கொண்டே போகும், ஆனால் நேற்று எவ்வளவு இருந்தது என்று எழுதி வைக்காது. எந்தக் குவெரிக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்கு வைக்கும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் எங்களிடம் இருந்தது. அதில் அந்தக் குவெரியின் சராசரி நேரம் அன்று காலையிலும் 3 மில்லிசெகண்டுதான்! பல மாதக் கணக்கு மொத்தமும் சேர்ந்த சராசரி அது. ஒரு வார இறுதி அதை அசைத்துவிடாது. எனவே 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து வேறொரு மெஷினில் வைத்து, அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பார்க்க ஆரம்பித்தோம்.

மிகப் பழைய டிரான்சாக்‌ஷனின் வயதுக்கு அலர்ட் வைத்தோம். ஐடில் இன் டிரான்சாக்‌ஷன் செஷனைத் தானாகத் துண்டிக்கும் டைம்அவுட் 9.6 வெர்ஷனிலிருந்தே இருக்கிறது. சொல்லி வைக்காவிட்டால் அது பூஜ்யம், அதாவது துண்டிக்கவே துண்டிக்காது. 10 நிமிடம் வைத்தோம். டெவலப்பர்கள் ஒரு வாரம் திட்டினார்கள். வாக்யூமைத் தடுக்கக்கூடிய மற்றவற்றையும் தேடினோம். கமிட்டுக்குத் தயாராக்கி நிறுத்தப்பட்டு, ஆக்டிவிட்டி வியூவில் தெரியாமல் இருக்கும் பிரிப்பேர்டு டிரான்சாக்‌ஷன் ஏதும் இல்லை. ஆனால் இன்னொரு சர்வரில், எப்போதோ கழற்றிவிட்ட ஸ்டாண்ட்பைக்கு (நகல் சர்வர்) உரிய ரெப்ளிகேஷன் ஸ்லாட் ஒன்று, அதாவது அந்த நகல் எதுவரை படித்தது என்ற குறிப்பு, அப்படியே கிடந்தது. வராத ஆளுக்காக 340 ஜிபி வேல் ஃபைலை (மாற்றங்களின் பதிவு) சேர்த்து வைத்திருந்தது. டிஸ்க் இன்னும் எச்சரிக்கை எல்லையைத் தொடவில்லை, அதனால் அங்கேயும் பச்சை.

யாரும் நடவடிக்கை எடுக்காத அலர்ட்டுகளை நீக்கினோம். இதைச் செய்யத்தான் அதிகத் தைரியம் தேவைப்பட்டது. இரவு 3 மணிக்கு சிபியூ 80ஐத் தாண்டியது என்று போன் அடிக்கும்; பேக்கப் ஓடுகிறது, அவ்வளவுதான். அப்படிப் பலமுறை எழுந்தவன் ஒருநாள் உண்மையான போனையும் அணைத்துவிட்டுத் தூங்குவான்.

அந்தத் திங்கட்கிழமை மாலை சம்பவ அறிக்கை எழுதும் வேலை எனக்கு வந்தது. காரணம் என்ற இடத்தில் "டெவலப்பர் ஒருவர் கமிட் செய்ய மறந்தார்" என்று எழுதி அக்காவிடம் காட்டினேன். அவர் அந்த வரியை அழித்துவிட்டு, "62 மணி நேரம் திறந்திருந்த டிரான்சாக்‌ஷனை டிபிஏ குழு பார்க்கவில்லை" என்று எழுதினார். பொறுப்பு என்ற கட்டத்தில் முதலில் தன் பெயரை எழுதி, கீபோர்டை என் பக்கம் தள்ளினார். அதன் கீழே என் பெயரை எழுதினேன்.